ஒப்புரவும் வரம்பும்

காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்பவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகவேண்டும் என்பது மத்தேயு சுவிசேஷத்தில் இயேசுவின் கட்டளை. கடவுளோடு ஒப்புரவு அதன் பின்னரே. எழுந்து நடக்கவேண்டியவன் குறை செய்தவன். ஆயினும் அடிபட்டவனுக்கே மன்னிப்பை உபதேசித்து வந்திருக்கின்றோம், அஃது எளிதன்றோ!

குறைபட்ட கடவுளே முதலில் வந்தார் எனப் பவுல் எழுதவில்லையா என்பர் சிலர். உண்மை. ஆனால் அது கொடுப்பவரின் கருணை. குற்றவாளி கேட்டுப் பெறும் உரிமையன்று.

தென்னாபிரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு அமைந்தது. தலைவர், அங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. அரசியல் நோக்கோடு செய்த குற்றத்தை முழுமையாக வெளியிட்டவனுக்குப் பொதுமன்னிப்புக் கிடைக்கலாம். அவன் வருந்தவேண்டுமென்று சட்டம் கேட்கவில்லை. அவன்மீது நட்டஈட்டு வழக்கும் செல்லாது. ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தினரும் பிறரும் 1996இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் இதனை எதிர்த்துத் தோற்றனர். அத்தீர்ப்பின் நியாயம் எனக்கு விளங்குகின்றது: அந்தப் பேரம் இன்றேல் பல உண்மைகள் புதைந்தே போயிருக்கும். பேரத்தின் மறுபாதி என்னாயிற்று? பாதிக்கப்பட்டோர்க்கு ஆறு ஆண்டுகள் ஆண்டுதோறும் பணம் வழங்க ஆணைக்குழு பரிந்துரைத்தது. 2003இல் அரசு ஒரே தடவையாக 30,000 ராண்டு என்று முடித்துவிட்டது.

எரிகோவின் ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகச் சொன்ன பின்னரே, அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென இயேசு அறிவித்தார். அயலவன் வயலின் வரம்பை வெட்டித் தள்ளியவன், அதைப் பழைய இடத்தில் வையாமல் கைகுலுக்க வந்தால், நம் கமக்காரர் கை நீட்டுவரா?