ஓர் இருக்கை



சென்ற மழைக்காலத்தில் நம் பங்கிலுள்ள ஓர் இல்லத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். தந்தை சாயப்பட்டறைத் தொழிலாளி. தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். மகன் பிளஸ் டூ மாணவன். மேசையில் பாடநூல்கள் ஓரமாக ஒதுக்கப்பட்டு, அவை இருந்த இடத்தில் ஒரு போர்விமானத்தின் சிறுசிறு பிளாஸ்டிக் பாகங்கள் பரப்பப்பட்டிருந்தன.

"பரீட்சை நெருங்குதுங்க சாமி. இவன் பொம்மை ஒட்டிட்டு உக்காந்திருக்கான். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று தாய் முறையிட்டார். கண்டிக்கும் எண்ணத்துடனேயே அவனருகில் அமர்ந்தோம்.

அது விளையாட்டுப் பொம்மையன்று என்பது சற்று நேரத்தில் விளங்கிற்று. உண்மை விமானத்தின் 72 சென்டிமீட்டர் இம்மாதிரியில் 1 சென்டிமீட்டர். ஆறடி மனிதன் இதில் இரண்டரை சென்டிமீட்டர் உயரமே இருப்பான். வண்ணம் அரை மில்லிமீட்டர் தடித்துவிட்டால், உண்மை விமானத்தின்மேல் மூன்றரை சென்டிமீட்டருக்கும் அதிகமாகப் பூசியதற்கு அது சமம். ஆகவே மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, மீண்டும் பூச வேண்டும். விமானி அமரும் அறைக்கு முதலிலேயே வண்ணம் தீட்டிவிட வேண்டும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டிய பின் தூரிகை உள்ளே செல்லாது. பசையோ பிளாஸ்டிக்கையே இளக்கி இணைக்கும் தன்மையுடையது. ஒரு துளி மிகுந்தாலும் பாகம் உருக்குலைந்துவிடும். மூக்கின் உள்ளே சிறு எடை வைக்காவிடில், முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வால் தரையில் சாய்ந்துவிடும்.

"எந்த விமானம், தம்பி?" என்று வினவினோம். "நாட் விமானம் ஃபாதர். சேகோன் ஓட்டினது" என்றான்.

‘நாட்’ என்பது ஆங்கிலத்தில் ஒரு சிறு பூச்சியின் பெயர். இறக்கை விரிவு ஏழு மீட்டரையும் எட்டாத அந்தச் சிறிய போர்விமானம் பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டு, பின்னர் பெங்களூரிலும் கட்டப்பட்டது. 1965-ஆம் ஆண்டுப் போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்துப் பெயர் பெற்றது. 1971 டிசம்பர் 14 அன்று ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் விமானத்தளத்தைத் தாக்கியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து எழும்பியவர் நிர்மல் ஜித் சிங் சேகோன். பலருக்கு எதிராகப் போரிட்டு வீழ்ந்தார். அவரது உடலும் கிடைக்கவில்லை. விமானப்படையில் பரம் வீர் சக்ரா விருது பெற்றவர் அவர் ஒருவரே. அவர் பணியாற்றிய 18-ஆம் படைப்பிரிவு, 2020 மே 27 அன்று நமக்கு அண்மையிலுள்ள சூலூர் தளத்தில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. அச்செய்தியைப் படித்த நாள்முதல் இம்மாணவனுக்கு அவ்வீரர்மீது பற்று. பள்ளிக் கண்காட்சியில் வைக்கவே இதைக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஆனால் அவன் முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டோம். அவன் சேமிப்பில் வாங்கிய பெட்டி, பிரிட்டனில் விமானிகளைப் பயிற்றுவித்த நாட் விமானத்தினது. அதற்கு இரண்டு இருக்கைகள். இறக்கையும் வாலும் சற்றுப் பெரியவை. சேகோன் ஓட்டிய போர்விமானத்திற்கு ஓர் இருக்கைதான். "பின்னிருக்கையை மறைத்துப் பச்சை வண்ணம் பூசி, நம் விமானப்படைச் சின்னத்தை வரைந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நண்பர்கள் சொல்றாங்க. செய்யலாங்களா ஃபாதர்?" என்றான்.

மறைக்காமல் கூறுகிறோம்: "சிறு காரியந்தானே" என்னும் சொல் நம் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் தந்தை குறுக்கிட்டார். "பில்லுல ஒரு கலரு, துணியில ஒரு கலருன்னு அனுப்பினா, எங்க பட்டறைக்கு மறுபடி ஆர்டர் வருமா கண்ணு? இருக்கறது எதுவோ அதையே எழுது."

அத்துடன் அவர் நிற்கவில்லை. இங்கிலாந்தின் ‘ரெட் ஆரோஸ்’ சாகசக் குழு 1965 முதல் 1979 வரை ஓட்டியது இந்தப் பயிற்சி விமானத்தையே என்று மகன் சொல்லவே, அதற்கான சிவப்பை அவரே கலந்து பார்த்தார். "ஈரத்துல எல்லாச் சாயமும் அடர்த்தியாத்தான் தெரியும். காஞ்சப்புறம் பகல் வெளிச்சத்துல வெச்சுத்தான் ஷேடு பாக்கோணும்" என்றார். ஒவ்வொரு பூச்சும் நன்கு காய வேண்டியிருந்ததால், ஞாயிறு பிற்பகலில் வண்ணம், மற்ற நாட்களில் படிப்பு என்று முடிவாயிற்று. தாயின் கவலையும் நீங்கிற்று.

கண்காட்சியில் அவ்விமானம் சிவப்பாகவே நின்றது. பரிசு கிடைக்கவில்லை. அதன் முன்னே வைத்திருந்த அட்டையில் அவன் எழுதியிருந்தது இது: "இது சேகோன் ஓட்டிய விமானம் அன்று, அதன் உறவு விமானம். அவருடைய விமானத்தில் ஓர் இருக்கைதான். அதிலிருந்து அவர் திரும்பவில்லை." அதைப் படித்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றதைக் கண்டோம். பொய்யாகப் பச்சை பூசியிருந்தால் இந்த மரியாதை யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

பெற்றோரே, பிள்ளைகள் ஏதேனும் ஒன்றைக் கட்டுவதையோ வரைவதையோ காணும்போது, "வெட்டி வேலை" என்று சொல்லுமுன் அருகில் அமர்ந்து அது என்னவென்று கேளுங்கள். உங்கள் தொழிலில் நீங்கள் கற்ற நேர்மையை அங்கே அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அத்தந்தை அன்று கற்பித்தது மகனுக்கு மட்டுமன்று, நமக்குந்தான்.