பருவ நடுவில் ஆசிரியர்க்குத் துணை எங்கே?

கற்பித்தல் என்பது சொல்லி முடித்தலன்று. கேட்போர் உள்ளத்தில் பொருள் பதியச் செய்தலே கற்பித்தல். பதிந்ததா, இல்லையா என்பதை இறுதித் தேர்வு காட்டட்டும் என்றிருத்தல், வெள்ளம் வடிந்தபின் அணை கோலுதலை ஒக்கும். கல்லூரிப் பருவம் ஒன்றிற்கு ஏறத்தாழ 90 பாட நாள்கள். ஏழாம் எட்டாம் கிழமையளவில் பாதிப் பாடம் முடிந்திருக்கும். மற்றப் பாதியைச் செப்பஞ் செய்துகொள்ளக் காலமும் எஞ்சியிருக்கும். ஆசிரியர்க்குத் துணை வேண்டும் வேளை அதுவே. அவ்வேளையில் அவர்க்குக் கிடைப்பது யாது? இடைத்தேர்வு மதிப்பெண்களைக் குறித்த நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்னும் சுற்றறிக்கை ஒன்றே!

வேணாட்டரசர் அரண்மனையால் பெயர்பெற்ற இரணியலை எடுத்துக்கொள்க. கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர்ப் பிள்ளைகள் நெய்யூருக்கும் மார்த்தாண்டத்திற்கும் நாகர்கோவிலுக்கும் சென்று கல்லூரியிற் பயில்கின்றனர். தமிழ் வழங்கும் இந்நிலம் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று போராடியோர் 1954 ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டு மாய்ந்தனர். அவ்வீகத்தின் பயனாக 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாயகத்தோடு இணைந்தன. நிலம் மீண்டது; வகுப்பறை இன்னும் மீளவில்லை. பன்னிரண்டாண்டு தமிழிற் பயின்ற பிள்ளை, கல்லூரியின் முதல் நாளிலேயே இயற்பியலையும் வணிகவியலையும் ஆங்கிலத்திற் கேட்கிறான். ஆசிரியர் சொல்கிறார்; அவன் எழுதுகிறான். எழுதியதன் பொருள் அவனுக்கு விளங்கவில்லை என்பதை ஆசிரியரும் அறிவார்.

இதற்கு ஆசிரியரைப் பழித்தல் முறையன்று. அவரும் ஆங்கிலத்திற் பயின்றவரே. தமிழில் விளக்க அவர் விரும்பினும் கையில் நூலில்லை, கலைச்சொற் பட்டியில்லை, கேட்டறியத் துணைவரில்லை. மதிப்பூதிய விரிவுரையாளராயின், அடுத்த ஆண்டு பணி உண்டோ இல்லையோ என்னும் கவலை வேறு. வெறுங்கையோடு நிற்பவரைப் பார்த்து ‘தமிழிற் கற்பி’ என்று மேடையில் முழங்குதல் எளிது. அவர் கையில் ஏதேனும் கொடுத்தலன்றோ கடன்?

தமிழிற் கற்பிக்க முடியாது என்பார் வரலாறறியார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் முதற்கண் ஆங்கிலத்தில் மருத்துவங் கற்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். நூலில்லையே என்று அவர் ஓய்ந்திருந்தாரல்லர். தம் மாணவரையே துணைக்கொண்டு உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு, வேதியியல் முதலிய துறை நூல்களை நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழாக்கினார். அவர்தம் கலைச்சொற்களில் வடசொல் மிகுதி என்பது மெய்யே. ஆயினும் கற்பித்துக்கொண்டே கருவிகளையும் ஆக்கிக்கொண்ட அவ்வழி இன்றைக்கும் வழியாகும்.

தமிழகத்திலோ, 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்கிற்று. தமிழ் வெளியீட்டுக் கழகமும், அதன்பின் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரிப் பாடங்களுக்கு நூற்றுக்கணக்கான தமிழ்நூல்களை வெளியிட்டன. பின்னர் அவை புதுக்கப்படாமற் பழமையடைந்தன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது; 2023இல் அதன் உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழவே அவ்வறிவிப்பை மீட்டுக்கொண்டது. அறிவிப்பால் தொடங்குவது அறிவிப்பாலேயே முடியவுங் கூடும். ஆசிரியர் கைக்கருவியால் வேரூன்றுவது எளிதிற் சாயாது.

ஆகவே, பருவ நடுவில் செய்யத்தகுவன இவை.

முதலாவது, எட்டாங் கிழமையில் கால்மணி நேரம் ஒதுக்குக. ஒவ்வொரு மாணவனும் பெயரெழுதாத அரைத்தாளில், விளங்கியது யாது, விளங்காதது யாது, எது செய்தால் விளங்கும் என்னும் மூன்றனையும் தமிழில் எழுதட்டும். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அச்சமே விடையாக வரும். தமிழில் எழுதினால் உண்மை வரும். அடுத்த வகுப்பிலேயே ஆசிரியர் அதற்கு மறுமொழி கூறுக. கேட்டுவிட்டு வாளாவிருத்தல் கேளாமையினுந் தீது.

இரண்டாவது, அறியாததை அறிந்ததன்வழி விளக்குக. ஊடுபரவலைக் கற்பிப்பவர் குளச்சற் கடற்கரையில் மீனுக்கு உப்பிட்டதும் நீர் கசிவதைக் காட்டுக. கூழ்மம் திரிதலைக் கற்பிப்பவர் மலையடிவாரத் தோட்டங்களில் இரப்பர்ப் பாலிற் காடி சேர்த்ததும் அது உறைவதைக் காட்டுக. பொருள் தமிழில் விளங்கியபின் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் அதுவும் நிலைக்கும்.

மூன்றாவது, பாடத்திற்கு முப்பது கலைச்சொற்கள் கொண்ட ஒற்றைத்தாட் பட்டியை ஒவ்வொரு துறையும் ஆக்கி, அண்டைக் கல்லூரிகளோடு பகிர்ந்துகொள்க. ஒருவர் ஆக்கியது பதின்மர்க்குப் பயன்படும்.

இப்பணிக்கு வேண்டிய மூலப்பொருள் இல்லாமலில்லை. பழைய கல்லூரித் தமிழ்நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திற் கிடைக்கின்றன. 1974இல் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய அகரமுதலித் திட்டத்தின் இயக்ககம் இன்று ‘சொற்குவை’ வழியே கலைச்சொற்களைத் திரட்டித் தருகின்றது. ஆயின், வகுப்பெடுத்துக் களைத்து வீடு திரும்பும் ஆசிரியர் அவற்றுள் துழாவித் தமக்கு வேண்டியதைத் தேடிக்கொள்வார் என்று எதிர்பார்த்தல் தகாது. தேர்ந்து, புதுக்கி, பாடவாரியாக அவர் மேசைமேல் வைத்தல் வேண்டும்.

அதனைச் செய்யவேண்டியது அரசு என்று மட்டும் சொல்லி அமைதல் தமிழ்ப்பற்றாகாது. ஊர்தோறும் ஓய்வுபெற்ற பேராசிரியர் உளர். துறையறிவும் தமிழறிவும் ஒருங்கே வாய்ந்த இளைஞர் உளர். பிறமொழிச் சொல்லைக் கண்டு சினப்பதிற் பாதி நேரத்தை அச்சொல்லுக்குத் தமிழ் தந்து விளக்குவதிற் செலவிட்டால், ஒரு பருவத்திற்குள் ஒரு துறைக்குரிய கையேடு உருவாகிவிடும். இரணியற் பிள்ளை வகுப்பறையில் விளங்காமல் எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் தமிழுக்கு இழப்பே. அடுத்த பருவத்தின் எட்டாங் கிழமை வருமுன் ஒரு தாளேனும் ஓர் ஆசிரியர் கைக்குச் சேர்க. எஞ்சிய பணி அதிலிருந்து வளரும்.