மணி அடிக்காத போன்

திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு சமயம் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சொத்துத் தகராறு ஒன்றும் இல்லை. போன் தகராறுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி அவன் அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, விழுப்புரத்தில் இருக்கும் எனக்கு ஏழு தடவை போன் போட்டிருக்கிறான். ஏழு தடவையும் 'நீங்கள் அழைத்தவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்' என்றே வந்ததாம். என் போனோ தலைமாட்டில் சும்மா கிடந்தது. கடைசியில் பக்கத்துப் படுக்கைக்காரரின் போனை வாங்கி அடித்தான். உடனே மணி அடித்தது. அவரிடம் இருந்தது என்னுடைய அதே கம்பெனி சிம்.

சுமார் 40 கிலோமீட்டர் தூரம். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கொஞ்சம் தெளிந்திருந்தார். பையன் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "நடுராத்திரியில யார்கிட்ட மாமா அவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தீங்க?"

தொலைபேசித் துறையில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். எனக்கே அந்தக் கேள்வி!

நடந்தது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கம்பெனிகளின் வலைகளும் சந்திக்கும் இடத்துக்கு 'பாயின்ட் ஆஃப் இன்டர்கனெக்‌ஷன்' என்று பெயர். இரண்டு ஊருக்கு நடுவில் இருக்கும் பாலம் மாதிரி. பழைய முறையில் ஒரு 'இ-1' இணைப்பு போட்டால் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். 31-வது ஆளுக்கு வழி இல்லை. அவர் கையில் சிக்னல் முழுசாக இருக்கும், கூப்பிடப்படுபவர் போனும் சும்மா இருக்கும். நடுவில் பாலம்தான் அடைத்துக்கொண்டிருக்கும்.

ஆயிரம் அழைப்புக்கு ஐந்துக்கு மேல் இங்கே தடைபடக் கூடாது என்பது டிராய் வைத்த அளவு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது இந்தப் பாலம்தான் பெரிய சண்டையானது. போதிய இணைப்பு தரவில்லை என்று ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று அந்த அக்டோபரில் டிராய் பரிந்துரைத்தது. இலவச அழைப்புகளை வெள்ளமாகத் திறந்துவிட்டால் நாங்கள் எப்படித் தாங்குவது என்று அவர்கள் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வந்து சேரும் அழைப்புக்கு அனுப்பும் கம்பெனி நிமிடக் கணக்கில் கூலி தர வேண்டியிருந்தது. 2009-ல் 20 பைசா, 2015-ல் 14, 2017-ல் 6, 2021 முதல் ஒன்றுமில்லை. கூலி குறையக் குறைய, அடுத்தவன் அழைப்புக்காக நான் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று தோன்றத்தானே செய்யும்?

ஆனால் அந்த அழைப்பு அடுத்தவனுடையது மட்டும் அல்ல. அதை எதிர்பார்த்துக் காத்திருப்பவன் உங்கள் வாடிக்கையாளன். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்பு, கம்பெனிகள் ஒன்றோடொன்று இணையாததால், கடைக்காரர்கள் மேஜையில் இரண்டு போன் வைத்திருந்தார்கள். நாம் இரண்டு சிம் போடுகிறோம். கேட்ட 30 நாளுக்குள் இணைப்பு ஒப்பந்தம் போட வேண்டும் என்று 2018 விதிமுறை சொல்கிறது. நல்ல விதி. ஒப்பந்தம் போட்டால் போதாது, பாலமும் அகலமாக இருக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. விழுப்புரத்தில் இருந்து திண்டிவனத்துக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் டிரங்க் ஆபரேட்டர், "லைன் எல்லாம் பிஸி சார், காத்திருங்க" என்று உள்ளதைச் சொல்வார். எதிர் முனையில் இருப்பவர் மேல் பழி போடமாட்டார்.

இன்றைக்கும் நான் கேட்பது அதைத்தான். பாலம் நிறைந்திருந்தால் நிறைந்திருக்கிறது என்று சொல்லுங்கள். 'வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்' என்று பொய் சொல்லாதீர்கள். அந்த ஒரு பொய்யால் எத்தனை வீட்டில் சண்டையோ!

அக்கா மகன் இப்போது பேசுகிறான். போன் கிடைக்காவிட்டால் ஒரு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பிவிடுகிறான். என்னை நம்பியா, பாலத்தை நம்பாமலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.