மட்டை பிடிக்கும் பிள்ளைக்கு வாரக்கூலி யார் தருவார்?

கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஸ்வரனின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டென்னிஸ் ஆடும் பெண். 2009-ம் ஆண்டு பிறந்தவர்.

2025 பிப்ரவரியில் மும்பையில் ஒரு சர்வதேசப் பெண்கள் டென்னிஸ் போட்டி நடந்தது. மாயாவுக்கு அப்போது வயது 15. நேராக உள்ளே நுழைய இடம் இல்லை. தகுதிச் சுற்று ஆடி, அதில் ஜெயித்த பிறகே உள்ளே வந்தார். வந்தவர் லேசில் வெளியே போகவில்லை! கால் இறுதியில் ஜப்பான் வீராங்கனை மெய் யமாகுச்சியைத் தோற்கடித்தார். அரை இறுதியில்தான் சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மனிடம் தோற்றார். அந்த டைக்மன்தான் கடைசியில் கோப்பையையும் வாங்கினார். பிறகு, ஸ்பெயின் நாட்டின் மல்லோர்க்கா தீவில் பெரிய வீரர் நடால் நடத்தும் பயிற்சிக் கூடத்தில் மாயாவுக்கு இடம் கிடைத்தது.

கோவைக்கும் திருப்பூருக்கும் பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். பக்கத்து ஊர்ப் பெண் இவ்வளவு தூரம் போனால், நம் வீட்டுப் பெற்றோருக்கும் ஆசை வரும். "நம் பிள்ளை கையிலும் ஒரு மட்டையைக் கொடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அது நல்ல ஆசைதான். ஆனால், அந்தத் தொழிலின் கூலிக் கணக்கு என்ன என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

இதுவும் பீஸ் ரேட்தான்

பீஸ் ரேட் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை பீஸ் தைத்தோமோ, அத்தனைக்குக் கூலி. சனிக்கிழமை கையில் காசு.

டென்னிஸ்காரரும் பீஸ் ரேட்காரர்தான். ஜெயித்தால் பணம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தையல்காரர் மெஷினையும் நூலையும் தலையில் சுமந்து வருவதில்லை. அதைக் கம்பெனி தருகிறது. டென்னிஸ்காரருக்கோ எல்லாம் கைக்காசு! மட்டை, மட்டைக்குக் கட்டும் நரம்பு, பயிற்சியாளர் சம்பளம், விமான டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு. இத்தனையும் செலவழித்து, ஒரு ஊருக்குப் போய், முதல் நாளே தோற்றால்? அடுத்த நாள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சர்வதேசப் போட்டிகளில் கடைசிப் படியில் உள்ளவற்றுக்கு மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை ஒற்றையர் ஆடும் 32 பேரும், இரட்டையர் ஆடுவோரும் பங்கு போட வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது வழிச்செலவுக்கே காணாது. ஆனாலும் ஆடித்தான் ஆக வேண்டும். அங்கே சேரும் புள்ளிகளை வைத்துத்தான் உலக வரிசையில் இடம். வரிசையில் மேலே போனால்தான் பெரிய போட்டிக்குக் கதவு திறக்கும்.

சுமித் நாகல் கதையைக் கேளுங்கள். 2023-ல் அவர்தான் ஒற்றையர் ஆட்டத்தில் இந்தியாவின் முதல் இடத்துக்காரர். அந்த ஆண்டு செப்டம்பரில் அவரே சொன்னார்: வங்கிக் கணக்கில் இருப்பது 900 யூரோ! நம் பணத்தில் சுமார் 80,000 ரூபாய். நாட்டிலேயே முதல் ஆளின் கதி இது. நாலே மாதத்தில், 2024 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பன் போட்டியில் தரவரிசை பெற்ற ஒருவரைத் தோற்கடித்தார். இதற்கு முன் அப்படிச் செய்த இந்தியர் நம் சென்னை ரமேஷ் கிருஷ்ணன், அது 1989-ல். அந்த ஒரு வெற்றியால் நாகலுக்குக் குறைந்தது 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் உறுதியானது.

ஒரு வெற்றிக்கு முன் 80,000 ரூபாய். வெற்றிக்குப் பின் ஏறத்தாழ ஒரு கோடி. இப்படிப்பட்ட தொழிலில், வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை இறக்கி விடு என்று ஒரு தகப்பனிடம் சொல்ல முடியுமா? நான் சொல்ல மாட்டேன்.

ஜப்பானில் என்ன செய்தார்கள்?

ஜப்பானில் மட்சுயே என்று ஓர் ஊர். டோக்கியோ மாதிரி பெரிய பட்டணம் அல்ல. அங்கே 1989-ல் பிறந்தவர் கெய் நிஷிகோரி. சிறு பையனாக இருந்தபோதே அவரிடம் திறமை தெரிந்தது. சோனி கம்பெனியில் பெரிய பதவியில் இருந்த மசாக்கி மொரிட்டா என்பவர், டென்னிஸ் பிள்ளைகளுக்காக ஒரு நிதி வைத்திருந்தார். 2003-ல் அந்த நிதிதான் நிஷிகோரியை அமெரிக்காவில் உள்ள பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பியது. அதே பையன் 2014-ல் அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம் வரை வந்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கினார்.

பையனின் கைத்திறன் ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல. நமக்கும் உண்டு. ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரை இறுதி ஆடவில்லையா? அவருக்குத் தகப்பனாரே குரு. அப்பா சொல்லிக் கொடுத்தால் போதும் என்றிருந்த காலம் அது. பணத்துக்கு ஆடுகிறவருக்கு விம்பிள்டனில் இடமே கிடையாது. 1968-ல்தான் கதவு திறந்தது. இன்று தகப்பனார் மட்டும் போதாது.

நம் ஊரில் அந்த மொரிட்டா யார்?

2024-25-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். உலகம் முழுவதும் ஓடி ஆடுகிறவர்கள் போடும் பனியன்களில் நம் ஊர்த் தையலும் இருக்கிறது. ஆட்டக்காரருக்குச் சட்டை தைக்கும் ஊர், ஓர் ஆட்டக்காரரை ஏன் தயார் செய்யக் கூடாது?

"2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். இதில் பந்தாட்டம் வேறா?" என்று முதலாளிகள் கேட்கலாம். நியாயமான பேச்சு. தனியாக ஒருவர் சுமக்க வேண்டாம். பத்துக் கம்பெனிகள் சேர்ந்தால் போதும். நல்ல மைதானம் இரண்டு. அதில் பனியன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலையிலும் மாலையிலும் காசில்லாமல் பயிற்சி. அதில் தேறும் நாலைந்து பேருக்கு வெளியூர்ப் போட்டிச் செலவு. பெண் பிள்ளைகளுக்குத் துணைக்குப் போகும் தாயாரின் டிக்கெட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை விட்டுவிட்டால் பாதிப் பெண்கள் வீட்டிலேயே நின்று விடுவார்கள்.

நிதி தருகிறவர்கள் வரவு செலவை ஆண்டுதோறும் பத்திரிகையில் போடட்டும். தேர்வில் மாமன் மச்சான் சிபாரிசு வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். அனுப்பும் பிள்ளைகளில் பலர் ஜெயிக்க மாட்டார்கள். 18 வயதில் மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். அவர்களுடைய கல்லூரிச் சம்பளத்தையும் அதே நிதிதான் கட்ட வேண்டும்.