ஊதியம் இல்லாத பயிற்சி யாருக்கு உரியது?



கோடைக்காலத்தில் பத்து வாரம் பணி. வாரத்திற்கு நாற்பது மணி நேரம். சொந்தமாகக் கார் வைத்திருக்க வேண்டும். தங்குமிடத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். ஊதியம் கிடையாது, ஆனால் நல்ல அனுபவம் கிடைக்கும். அமெரிக்காவில் காடுகளையும் பறவைகளையும் நீர்நிலைகளையும் பாதுகாக்கும் அமைப்புகள் கல்லூரி மாணவர்களுக்கு நெடுங்காலமாக விடுத்துவந்த அழைப்புகள் பலவற்றின் சாரம் இதுவே. இன்டர்ன்ஷிப் எனப்படும் இந்தப் பயிற்சிப் பணியைச் செய்து முடித்தவருக்கே பின்னர் அத்துறையில் நிலையான வேலை கிடைப்பது வழக்கம்.

இதில் சட்ட மீறல் ஏதும் இல்லை. குறைந்தபட்ச ஊதியத்தை வகுத்த 1938ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், அறப்பணி அமைப்புகளிலும் அரசுத் துறைகளிலும் ஒருவர் தன்னார்வமாக ஊதியமின்றி உழைப்பதைத் தடுக்கவில்லை. இயற்கைப் பாதுகாப்புப் பணியில் பெரும்பகுதி இவ்விரு இடங்களிலேயே நடைபெறுகிறது. எனவே, சட்டம் அனுமதிக்கிறதா என்று கேட்டு நாம் நின்றுவிடலாகாது. இந்த ஏற்பாட்டினால் யார் உள்ளே வருகிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கக் கூட்டாட்சியின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். பத்து வாரத்திற்கு 400 மணி நேரம் என்றால் 2,900 டாலர். கடையிலோ உணவகத்திலோ மிகக் குறைந்த கூலிக்கு உழைத்தாலும் ஒரு மாணவர் ஈட்டக்கூடிய தொகை அது. ஊதியமற்ற பயிற்சியை ஏற்பவர் முதலில் அதனை இழக்கிறார். பிறகு அறை வாடகை, பெட்ரோல், உணவு, காட்டில் நடப்பதற்கேற்ற காலணி, தொலைநோக்கி ஆகியவற்றுக்குத் தம் கையிலிருந்து செலவிடுகிறார். ஆக, இலவசம் என்று சொல்லப்படும் இப்பயிற்சிக்கு உண்மையில் ஒரு கட்டணம் உண்டு. அதைத் தந்தையின் சேமிப்பிலிருந்து செலுத்த முடிந்தவர் உள்ளே செல்கிறார். கோடை வருமானத்தைக் கொண்டுதான் அடுத்த ஆண்டுப் படிப்பைத் தொடர வேண்டும், வீட்டுக்கும் சிறிது அனுப்ப வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் வாசலோடு திரும்பிவிடுகிறார்.

இது ஏழை, செல்வர் என்ற வேறுபாடுதானே, இனம் எங்கே வந்தது என்று சிலர் வினவலாம். அந்நாட்டில் செல்வம் இனவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நடுநிலையில் உள்ள வெள்ளையினக் குடும்பத்தின் நிகரச் சொத்து ஏறத்தாழ 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு அது ஏறத்தாழ 45,000 டாலர். இலத்தீன் அமெரிக்க வழியினர் குடும்பத்துக்கு ஏறத்தாழ 62,000 டாலர். நுழைவாயிலில் பணத்தைக் கேட்கும் துறை, வாயால் இனத்தைக் கேட்காவிட்டாலும் இனத்தைப் பிரித்தே எடுக்கும்.

எடுத்தும் இருக்கிறது. சுற்றுச்சூழல் சமூகவியல் அறிஞர் டோர்செட்டா டெய்லர் 2014இல் வெளியிட்ட அறிக்கை, 191 இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளையும், 74 அரசு முகமைகளையும், 28 நிதி வழங்கும் அறக்கட்டளைகளையும் ஆராய்ந்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்த வெள்ளையர் அல்லாதோர், இந்நிறுவனங்களின் பணியாளர்களில் 16 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பணியில் சேர்ந்தவர்களும் பெரும்பாலும் கீழ்ப்படிகளிலேயே இருந்தனர். தலைமைப் பொறுப்புகளில் அவர்களின் பங்கு 12 விழுக்காட்டுக்கும் குறைவு. வேலைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் அறிந்தவர் வழியாகவும் வாய்மொழியாகவும் நடந்ததையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது.

அவர்களுக்கு இயற்கையில் ஆர்வமில்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இது உண்மைக்கு மாறானது. சிறுபான்மையினரும் வருமானம் குறைந்தோரும் சுற்றுச்சூழல் குறித்துக் கொண்டிருக்கும் அக்கறையை அமெரிக்கர்கள் பரவலாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அம்மக்களே தம்மவரின் அக்கறையைக் குறைத்து மதிப்பிடும் அளவுக்கு அத்தவறான எண்ணம் வேரூன்றியுள்ளது. வரலாறும் இவ்விளக்கத்தை மறுக்கிறது. 1903ஆம் ஆண்டுக் கோடையில் கலிஃபோர்னியாவின் செக்வோயா தேசியப் பூங்காவின் பொறுப்புக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய சார்லஸ் யங், கறுப்பினத்தைச் சேர்ந்த இராணுவ அதிகாரி. அங்குள்ள மாபெரும் மரங்களிடம் மக்கள் சென்றடைவதற்கான பாதையை முடித்தவர்கள், அவர் தலைமையில் உழைத்த கறுப்பினக் குதிரைப்படை வீரர்கள்.

ஊதியத்துடன் பயிற்சி தருவதும் அந்நாட்டுக்குப் புதிதன்று. 1933 முதல் 1942 வரை, பொருளாதார வீழ்ச்சியின் பிடியில் தவித்த ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர்களை அரசு தன் இயற்கைப் பாதுகாப்புப் படையில் சேர்த்துக்கொண்டது. அவர்கள் மரம் நட்டார்கள், மண் அரிப்பைத் தடுத்தார்கள், பூங்காக்களை அமைத்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் வழக்கமாக 25 டாலர் நேரே குடும்பத்துக்குச் சென்றது. வறுமையில் வாடிய வீட்டுப் பிள்ளை காட்டுப் பணிக்கு வர வேண்டுமானால் அவன் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்பதை அன்றைய அரசு உணர்ந்திருந்தது.

ஆனால் அந்த நல்ல திட்டத்திலும் ஒரு கறை படிந்தது. இனம், நிறம், சமயம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டலாகாது என்று அப்படையை உருவாக்கிய சட்டமே கூறியிருந்தது. இருந்தும் 1935இல் அதன் இயக்குநர் கறுப்பின இளைஞர்களுக்குத் தனி முகாம் என்று ஆணையிட்டார். சட்டத்தில் சமத்துவம் இருந்தது. கையில் சம்பளமும் இருந்தது. உண்ணும் இடமும் உறங்கும் இடமும் மட்டும் வேறாயின. ஊதியம் இன்றியமையாதது, ஆனால் ஊதியம் மட்டும் போதாது என்ற இரு பாடங்களையும் அந்த ஒரு திட்டமே நமக்குக் கற்பித்துவிடுகிறது.

பல இனத்தவர் இத்துறைக்கு வருவது அவர்களின் நன்மைக்காக மட்டுமன்று, துறையின் நன்மைக்காகவும்தான். 1930களில் கூட்டாட்சி நிறுவனம் ஒன்று அமெரிக்க நகரங்களின் வரைபடங்களில் கறுப்பினத்தவரும் குடியேறிகளும் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் குறித்து, கடன் கொடுப்பதற்கு ஆபத்தானவை என்று அடையாளமிட்டது. 108 நகரப் பகுதிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, அச்சிவப்புப் பகுதிகள் மற்றப் பகுதிகளைவிட இன்றும் சராசரியாக ஏறத்தாழ 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்துடன் இருப்பதைக் கண்டது. மர நிழல் குறைவாக இருப்பது அதற்கு ஒரு காரணம். 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, பறவைகளைக் குறித்த பதிவுகளும் அப்பகுதிகளிலேயே மிகக் குறைவாக உள்ளன என்று காட்டியது. எண்ணுபவர் எங்கே செல்கிறாரோ அங்குள்ள பறவைதான் கணக்கில் வரும். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த பெண் ஆய்வாளராக வந்தால், வரைபடத்தில் வெற்றிடமாகக் கிடக்கும் அந்தத் தெருவும் கணக்கில் வரும்.

மாற்றுக் கருத்துகளையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். சிறிய அமைப்புகள், "எங்களிடம் நிதி இல்லை, சம்பளம் கொடுத்தால் ஆறு பேருக்குப் பதிலாக இருவரையே எடுக்க முடியும்" என்கின்றன. அப்படியானால் இருவரையே எடுக்கட்டும். ஆறு பேரின் உழைப்பை விலையின்றிப் பெறுவதைவிட, இருவருக்கு முறையாகச் சம்பளம் கொடுத்து, அவர்கள் அருகில் அமர்ந்து தொழிலைக் கற்பிப்பது மேல். உழைத்தவரின் கூலியைத் தாமதிப்பதே தவறு என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். கூலியே இல்லாத உழைப்புக்கு "வாய்ப்பு" என்று பெயர் சூட்டுவதை நம்மால் எவ்வாறு ஏற்க இயலும்? இவ்வமைப்புகளுக்கு நிதி வழங்கும் அறக்கட்டளைகளும் பயிற்சியாளரின் ஊதியத்தைத் திட்டச் செலவிலேயே சேர்க்குமாறு கேட்க வேண்டும்.

இரண்டாவது கருத்து இதனினும் கடினமானது. குறிப்பிட்ட இனத்தவருக்கென்று இடம் ஒதுக்கினால், ஏழை வெள்ளையின மாணவனுக்கு அது அநீதி ஆகாதா? கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதற்கு எதிராக 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் பதவியேற்ற அரசு, கூட்டாட்சித் துறைகளில் பன்முகத்தன்மைத் திட்டங்களை முடிவுக்குக் கொண்டுவர ஆணையிட்டது. இக்கேள்வியை இகழ்ந்து ஒதுக்குவது சரியன்று. வாயிலை எல்லாருக்கும் திறந்து வையுங்கள். எல்லாருக்கும் ஊதியம் கொடுங்கள். ஆனால் இதுவரை அறிவிப்பு சென்று சேராத இடங்களுக்கு அதனைக் கொண்டு செல்லுங்கள் என்பதே நம் பதில். கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட கல்லூரிகள், பழங்குடியினர் கல்லூரிகள், எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பயிலும் ஈராண்டுக் கல்லூரிகள் ஆகியவற்றின் பலகையில் அந்த அறிவிப்பு ஒட்டப்படட்டும். ஊதியத்தால் ஏழை வெள்ளையின மாணவனும் பயன்பெறுவான். அதில் நமக்கு மகிழ்ச்சியே.

இனி, பயிற்சியாளரை வரவேற்கும் அமைப்பின் கடமைக்கு வருவோம். விருந்தினரை எவ்வளவு உபசரித்தாலும் அவர் சில நாளில் திரும்பிச் செல்பவர். வீட்டின் முடிவுகளில் அவருக்குப் பங்கு இல்லை. பயிற்சிக்கு வருபவரை அப்படி நடத்தக் கூடாது. அவரை நாளை அந்த வீட்டை நடத்தப்போகிறவராகக் கருத வேண்டும். அறிவிப்பிதழில் அச்சிடுவதற்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவது பன்முகத்தன்மை ஆகாது. அவருக்கு உண்மையான வேலை கொடுக்க வேண்டும். அவர் சேகரித்த தரவு அறிக்கையில் இடம்பெற்றால் அவர் பெயரும் இடம்பெற வேண்டும். ஊர் தொலைவிலிருக்கும் களங்களில் தங்குமிடம் கொடுக்க வேண்டும். இயன்றவரை ஒருவரைத் தனியாக அனுப்பாமல் இருவராக அனுப்ப வேண்டும்.

பாதுகாப்பும் இதில் அடங்கும். 2020 மே 25ஆம் நாள் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில், நாயைக் கட்டி வைக்குமாறு ஒரு வெள்ளையினப் பெண்ணிடம் கேட்ட கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினப் பறவை ஆர்வலர்மீது, தம்மை மிரட்டுகிறார் என்று அப்பெண் காவல்துறைக்கு அழைப்பு விடுத்த நிகழ்வை உலகமே கண்டது. கையில் தொலைநோக்கியுடன் புதருக்கருகே நிற்கும் இளைஞன் எந்த நிறத்தவன் என்பதைப் பொறுத்து, பார்ப்பவர் மனம் வேறு வேறு முடிவுக்குச் செல்கிறது. ஆகவே, நிறுவனத்தின் பெயர் பொறித்த மேலாடை, அடையாள அட்டை, வாகனத்தில் தெளிவான குறி, அருகில் வாழ்வோருக்கு முன்னறிவிப்பு ஆகியவற்றை அமைப்பே செய்து கொடுக்க வேண்டும். வருபவர் முஸ்லிமாக இருந்தால், தொழுகைக்குச் சிறிது நேரமும் உண்ணத்தக்க உணவும் கிடைக்குமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்கும் நிலை வரக் கூடாது. வரவேற்பவரே முதல் நாளில் அதைக் கேட்டறிவது பண்பாடு.

அமெரிக்காவில் குடியேறியுள்ள நம் குடும்பங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிள்ளை மருத்துவம் என்றால் மகிழ்கிறோம். கணினி என்றால் மகிழ்கிறோம். சதுப்பு நிலத்தைக் காக்கப் போகிறேன் என்றால், சோறு போடுமா என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை மகளிடமோ மகனிடமோ கேட்டு அவர்களின் ஆர்வத்தை அடக்குவதில்தான் நியாயம் இல்லை. அவர்களை அழைக்கும் அமைப்பிடம் கேளுங்கள்: சம்பளம் எவ்வளவு? எங்கே தங்குவாள்? யாரிடம் கற்பாள்? உங்களிடம் முன்பு பயின்றவர்களில் எத்தனை பேர் இன்று உங்களிடமே பணியில் இருக்கிறார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியே உண்மையான அளவுகோல். எத்தனை மாணவரை வரவேற்றோம் என்ற எண்ணிக்கை ஆண்டறிக்கைக்கு அழகு சேர்க்கலாம். ஆனால் பத்தாண்டு கழித்து, புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அன்று பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவராவது அமர்ந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், அந்த அமைப்பு கொடுத்த ஊதியம் பத்து வாரத்துக்கான கூலியாக மட்டுமே முடிந்துபோயிற்று.