மக்கள் தெரிவு செய்யாத அதிகாரம்: ஜனாதிபதிகளின் மனைவியர்

முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 2025 ஆகஸ்ட் 22ஆம் திகதி குற்றப்புலனாய்வுத் திணைக்களத்தினால் கைதுசெய்யப்பட்டபோது எமது ஊடகங்கள் இரண்டு விடயங்களைப் பற்றியே பேசின. ஒன்று, இலங்கையில் முன்னாள் ஜனாதிபதி ஒருவர் கைதுசெய்யப்பட்டது அதுவே முதற்தடவை என்பது. மற்றையது, அது அரசியல் பழிவாங்கலா இல்லையா என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வியும் அந்த விவகாரத்தில் அடங்கியிருந்தது. அதைப்பற்றி அதிகம் பேசப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

2023 செப்டெம்பரில் ஜனாதிபதியாக ஹவானாவுக்கும் நியூயோர்க்குக்கும் சென்று திரும்பும் வழியில், பிரிட்டனின் வொல்வர்ஹம்டன் பல்கலைக்கழகத்தில் தனது மனைவி பேராசிரியர் மைத்திரி விக்கிரமசிங்கவைக் கௌரவிக்க நடைபெற்ற வைபவத்தில் கலந்துகொள்வதற்கு அரச பணத்தைப் பயன்படுத்தினார் என்பதே விக்கிரமசிங்க மீதான குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். நான்கு நாட்களின் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டார். குற்றச்சாட்டின் நியாயத்தைத் தீர்மானிக்கவேண்டியது நீதிமன்றமே தவிர என்போன்றவர்கள் அல்ல. ஆனால், தனது சொந்தப் புலமையினால் மதிப்புப்பெற்ற ஒரு பெண்மணி வெளிநாடொன்றில் பெறும் கௌரவம் அவரது தனிப்பட்ட விடயமா அல்லது நாட்டின் 'முதற்பெண்மணி' என்றவகையில் அரச விடயமா என்று எந்தச் சட்டத்தைப் புரட்டி விடை காண்பது? ஜனாதிபதியின் மனைவி என்பவர் சட்டத்தின் முன்னால் யார்?

இந்தக் கேள்வியுடன் மிகவும் நீண்டகாலமாக மல்லுக்கட்டிவந்த நாடு அமெரிக்கா. அங்கும் அரசியலமைப்பில் ஜனாதிபதியின் மனைவிக்கு எந்தப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. எனினும், ஒரு காலகட்டத்தில் அந்த நாட்டின் நிருவாகத்தை ஜனாதிபதியின் மனைவியே கிட்டத்தட்ட நடத்தினார் என்பது வரலாறு.

1919 செப்டெம்பரில் ஜனாதிபதி வூட்றோ வில்சன், சர்வதேச சங்கத்துக்கு அமெரிக்க மக்களின் ஆதரவைத் திரட்டுவதற்காக ரயிலில் நாடு முழுவதும் பயணம் செய்துகொண்டிருந்தார். கொலராடோவின் புவெப்ளோ நகரில் உரையாற்றிய பிறகு அவரது உடல்நிலை மோசமடைந்து பயணம் கைவிடப்பட்டது. ஒக்டோபர் 2ஆம் திகதி வெள்ளை மாளிகையில் பாரிசவாதத்தினால் தாக்கப்பட்டு இடதுபக்கம் செயலிழந்தது. அதன் பின்னரான பல மாதங்கள் அவரது அறைக்குள் எவர் செல்லலாம், எந்த ஆவணம் செல்லலாம் என்பதைத் தீர்மானித்தவர் அவரது இரண்டாவது மனைவி ஈடித் வில்சன். அமைச்சர்கள் அனுப்பிய கடிதங்கள் ஈடித்தின் கையெழுத்தில் ஓரங்களில் கிறுக்கப்பட்ட குறிப்புகளுடன் திரும்பிவந்தன. பல கடிதங்கள் திரும்பிவரவேயில்லை. பிரிட்டனின் முன்னாள் வெளியுறவு அமைச்சரான கிரே பிரபு விசேட தூதுவராக வோஷிங்டனுக்கு வந்து பல மாதங்கள் காத்திருந்தும் ஜனாதிபதியைச் சந்திக்காமலேயே நாடு திரும்பினார். அமைச்சரவையைத் தானாகக் கூட்டிய வெளியுறவு அமைச்சர் ரொபேர்ட் லான்சிங் 1920 பெப்ரவரியில் பதவிவிலக நிர்ப்பந்திக்கப்பட்டார். உப ஜனாதிபதி தோமஸ் மார்ஷலோ, ஜனாதிபதியின் உண்மையான நிலை பற்றி முறையாக எதுவும் அறிவிக்கப்படாதவராக ஒதுங்கியிருந்தார்.

தான் ஒரு தீர்மானத்தைக்கூட எடுக்கவில்லை என்றும் எது முக்கியமானது, எதை எப்போது கணவரிடம் கொண்டுசெல்வது என்பதை மாத்திரமே தீர்மானித்ததாகவும் ஈடித் பிற்காலத்தில் தனது நினைவுக்குறிப்புகளில் எழுதினார். அந்த 'மாத்திரமே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு செய்தி ஆசிரியர் பீடத்தில் வேலை செய்த எவருக்கும் இது விளங்கும். எந்தச் செய்தி முதற்பக்கத்துக்கு, எது உட்பக்கத்துக்கு, எது குப்பைக்கூடைக்கு என்று தீர்மானிப்பவர் ஒரு வரியைக்கூட எழுதவேண்டியதில்லை. பத்திரிகை அவருடையதே.

வேர்சைல்ஸ் உடன்படிக்கையை செனட் சபை 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் நிராகரித்தது. அமெரிக்கா சர்வதேச சங்கத்தில் ஒருபோதும் சேரவில்லை. அதற்கு ஈடித்தே காரணம் என்று கூறுவது அநியாயம். எதிரணியினருடன் சமரசத்துக்கு இணங்குமாறு தான் கணவரை வேண்டிக்கொண்டதாகவும் அவர் மறுத்துவிட்டதாகவும் ஈடித் எழுதியிருக்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அந்த அறைக்குள் நடந்ததற்கு அவரது வார்த்தையைத் தவிர வேறு சாட்சியம் பெரும்பாலும் இல்லை. அமெரிக்கப் பெண்களுக்கு நாடளாவிய ரீதியில் வாக்குரிமை உறுதிசெய்யப்பட்டது 1920 ஆகஸ்டில்தான் என்பதையும் இங்கு நினைவுபடுத்தவேண்டும். வாக்களிக்கும் உரிமை உறுதியாகாத ஒரு காலத்தில் ஒரு பெண் ஜனாதிபதியின் வாசற்படியில் நின்று ஆட்சியை நடத்தினார். வாக்குரிமைக்கான போராட்டத்தில் அவருக்கு அனுதாபம் இருக்கவில்லை என்பது இன்னொரு வேடிக்கை.

ஈடித்துக்கு நேரெதிரானவர் எலினோர் ரூஸ்வெல்ட். 1933 தொடக்கம் 1945 வரை வெள்ளை மாளிகையில் இருந்த அவர் எதையும் ஒளித்துச் செய்யவில்லை. பெண் செய்தியாளர்களுக்கு மாத்திரம் என்று செய்தியாளர் மகாநாடுகளை நடத்தினார். அதனால், அதுவரை பெண்களை வேலைக்கு எடுக்காத பத்திரிகைகளும் செய்தி நிறுவனங்களும் வேறுவழியின்றிப் பெண் செய்தியாளர்களை அமர்த்தவேண்டியதாயிற்று. 1935 டிசம்பரில் தொடங்கி வாரத்தில் ஆறு நாட்கள் பத்திரிகைப் பத்தி எழுதினார். 1945 ஏப்ரிலில் கணவர் காலமானபோதுதான் சில நாட்கள் அது வெளிவரவில்லை. வாரத்துக்கு ஒரு பத்தி எழுதுவதற்கே திண்டாடுகின்ற எனக்கு இது மலைப்பைத் தருகின்ற விடயம். கறுப்பினப் பாடகி மரியன் அண்டர்சனுக்குத் தமது மண்டபத்தைத் தர மறுத்த பெண்கள் அமைப்பிலிருந்து 1939இல் விலகி, அந்த விலகலைத் தனது பத்தியிலேயே அறிவித்தார்.

அவர் செய்த ஒரேயொரு 'தவறு' 1941 செப்டெம்பரில் சிவில் பாதுகாப்பு அலுவலகத்தில் சம்பளமற்ற உதவிப் பணிப்பாளர் பதவியை ஏற்றுக்கொண்டதாகும். தனக்கு வேண்டியவர்களை நியமித்தார் என்று காங்கிரஸிலும் பத்திரிகைகளிலும் கடும் கண்டனங்கள் கிளம்பின. அடுத்த பெப்ரவரியில் பதவி விலகினார். எட்டு வருடங்களாகப் பதவியின்றி அவர் பிரயோகித்துவந்த செல்வாக்கைத் தடுக்கமுடியாதவர்கள், அவர் ஒரு நாற்காலியில் அமர்ந்த ஆறு மாதங்களுக்குள் அவரை எழும்பவைத்துவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பதவி என்ற ஒன்று இருந்ததால்தான் அவரைக் கேள்வி கேட்க முடிந்தது. அவரது மிகப்பெரிய சாதனையும் முறையான பதவியொன்றின் மூலமாகவே வந்தது. கணவரின் மறைவுக்குப் பிறகு ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைவராக இருந்து, 1948 டிசம்பர் 10ஆம் திகதி ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேச மனித உரிமைகள் பிரகடனத்தை வரைவதில் முன்னின்றார். அந்தப் பிரகடனத்தைக் கையிலேந்திக்கொண்டு ஜெனீவாவின் வாசல்களில் நிற்கின்ற இலங்கைத் தமிழர்களுக்கு அந்தப் பெயர் நன்றிக்குரியது.

நான்சி றேகன் மீண்டும் ஈடித்தின் வழியில் சென்றவர். 1981 மார்ச் 30ஆம் திகதி ரொனால்ட் றேகன் மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்ட பின்னர், கணவரின் பயணங்களுக்கும் நிகழ்வுகளுக்கும் நல்ல நாளும் நேரமும் பார்ப்பதற்கு சோதிடர் ஒருவரை அவர் நாடினார். இது 1988இல், வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரியாக இருந்த டொனால்ட் றீகன் எழுதிய நூலின் மூலம்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அந்த அதிகாரி 1987 பெப்ரவரியில் பதவி இழந்ததில் நான்சிக்குப் பெரும் பங்கு இருந்தது. அமெரிக்கர்கள் அதிர்ச்சியடைந்தார்கள். நாங்கள் அதிர்ச்சியடைய எதுவுமில்லை. தேர்தல் திகதிக்கே முகூர்த்தம் பார்க்கின்ற தலைவர்களின் நாட்டிலிருந்து வருகிறோம்.

ஹிலாரி கிளின்டனின் கதைதான் சட்டத்தின் வாசல்வரை சென்றது. 1993 ஜனவரியில் பதவியேற்ற சில நாட்களிலேயே பில் கிளின்டன், சுகாதாரத்துறைச் சீர்திருத்தத்துக்கான செயலணியின் தலைவராக மனைவியை நியமித்தார். அரசாங்கத்துக்கு வெளியிலுள்ளவர்கள் அங்கம் வகிக்கும் ஆலோசனைக் குழுக்களின் கூட்டங்கள் பகிரங்கமாக நடத்தப்படவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஹிலாரி அரசாங்க ஊழியர் அல்ல, எனவே கூட்டங்களின் கதவைத் திறக்கவேண்டும் என்று மருத்துவர்களின் சங்கமொன்றும் வேறு தரப்பினரும் வழக்குத் தொடுத்தனர். 1993 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு முதற்பெண்மணியை நடைமுறையில் ஒரு அரசாங்க உத்தியோகத்தராகவே கருதவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஜனாதிபதியின் கடமைகளில் உதவும் வாழ்க்கைத்துணைக்கு அரச செலவில் ஆளணி வழங்க 1978ஆம் ஆண்டின் சட்டமொன்று இடமளித்திருந்ததையும் நீதிமன்றம் கவனத்தில் எடுத்தது.

அந்தத் தீர்ப்பின் விசித்திரத்தைப் பாருங்கள். ஜனாதிபதியின் மனைவி உத்தியோகத்தர் என்று கூறப்பட்டது அவரைப் பொறுப்புக்கூற வைப்பதற்காக அல்ல. அவர் தலைமைதாங்கும் குழுவின் கதவு மூடியிருக்கலாம் என்பதற்காக. உத்தியோகத்தருக்குரிய பாதுகாப்பு அவருக்குக் கிடைத்தது. உத்தியோகத்தர் ஒருவரை விலக்குவதைப் போன்று அவரை எவர் விலக்குவது என்பது பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. 1994இல் அந்தச் சுகாதாரத் திட்டம் காங்கிரஸில் மடிந்துபோனது. அதன் பிறகு ஹிலாரி செய்ததையே நான் மதிக்கிறேன். 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் மக்களிடம் நேரடியாகச் சென்று வாக்குக் கேட்டு செனட்டரானார். பேராசை பிடித்த பெண் என்று அவரைத் தூற்றியவர்கள் பலர், நான்சியின் திரைமறைவுச் செல்வாக்கை பதிபக்தி என்று மெச்சியவர்கள்தான். கணவரின் காதுக்குள் சொன்னால் பக்தி, மேசையில் அமர்ந்து சொன்னால் பேராசை!

ஜோ பைடன் 2024 ஜூலையில் போட்டியிலிருந்து விலகும்வரை நீடித்த வாரங்களில் ஜில் பைடனின் பங்கு குறித்துக் கிளம்பிய சர்ச்சைகளும், 2025இல் பைடனின் உதவியாளர்கள் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்றினால் விசாரிக்கப்பட்டமையும் ஒரு நூற்றாண்டுக்கு முந்திய அந்த நோயாளியின் அறையையே நினைவூட்டின. ஆற்றலிழந்த ஜனாதிபதியைப் பதிலீடு செய்வதற்கு 1967இல் அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. ஆனால், ஆற்றல் இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் அறிந்துகொள்பவர் இன்றும் மனைவிதான்.

இலங்கைக்கு வருவோம். 1978இல் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி ஆட்சிமுறையைக் கொண்டுவந்த ஜே.ஆர். ஜெயவர்தனவின் மனைவி எலினா பெரும்பாலும் பின்னணியிலேயே இருந்தார். ஹேமா பிரேமதாச அப்படியல்ல. சேவா வனிதா இயக்கத்தின் தலைவியாக நாடறிந்தவரானார். அந்த இயக்கத்தை நாம் போதியளவு கவனித்ததில்லை என்பது எனது அபிப்பிராயம். அமைச்சுகளிலும் முப்படைகளிலும் பொலிஸிலும் அதன் பிரிவுகள் இயங்கிவந்திருக்கின்றன. இராணுவத் தளபதியின் மனைவி இராணுவப் பிரிவின் தலைவி. கணவர் ஓய்வுபெறும் நாளில் மனைவியின் தலைமைப் பதவியும் அடுத்த தளபதியின் மனைவிக்குக் கைமாறும். தகைமை என்னவென்றால் திருமணச் சான்றிதழ். ராஜபக்ஷக்களின் காலத்திலோ சகோதரர்களும் மகன்மாருமே அமைச்சுகளிலும் பாராளுமன்றத்திலும் நிறைந்திருந்தபடியால் மனைவியைப் பற்றிய கேள்வி பின்தள்ளப்பட்டுவிட்டது.

எமது சட்டம் ஜனாதிபதியின் மனைவியை ஒரேயொரு நிலையில் மாத்திரமே நன்கு அறிந்துவைத்திருந்தது. விதவையாக! 1986ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஜனாதிபதிகளின் உரித்துரிமைகள் சட்டம் முன்னாள் ஜனாதிபதிகளுக்கு மாத்திரமன்றி அவர்களின் விதவைகளுக்கும் உத்தியோகபூர்வ இல்லம், வாகனம் உள்ளிட்ட வசதிகளை வழங்கியது. கணவர் பதவியில் இருந்து நாட்டை ஆளும்போது சட்டத்துக்குத் தெரியாதவராக இருந்தவர், கணவர் இறந்த பின்னர் அரச இல்லத்துக்கு உரித்துடையவரானார். 2025 செப்டெம்பரில் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தை இரத்துச் செய்தது. வரவேற்கவேண்டிய நடவடிக்கைதான். ஆனால், அதன்மூலம் நீங்கியது செலவே தவிர கேள்வி அல்ல.

2024 செப்டெம்பரில் பதவியேற்ற ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் மனைவியைப் பொதுமேடைகளில் காண்பது அரிது. இதை எளிமையின் அடையாளமாகப் பத்திரிகைகள் மெச்சுகின்றன. நானும் அதில் குறைகாணவில்லை. எனினும், ஒரு குடும்பத்தின் சுபாவம் நாட்டின் விதிமுறை ஆகிவிடாது. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம், பதவியில் இருப்பவர் தனது வாழ்க்கைத்துணையின் சொத்துக்களையும் பொறுப்புகளையும் வெளிப்படுத்தவேண்டும் என்கிறது. அதோடு நிறுத்திக்கொள்கிறது. ஜனாதிபதியின் வாழ்க்கைத்துணை அரச செலவில் எத்தனை பேரைப் பணிக்கு வைத்திருக்கலாம், எந்தப் பயணம் உத்தியோகபூர்வமானது, எந்தக் கூட்டத்தில் அமரலாம், யாருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கலாம் என்று கூறுகின்ற ஒரு பக்க விதிமுறைகூட எங்கும் பிரசுரிக்கப்பட்டதை நான் காணவில்லை. அதை எழுதுவதற்கு அரசியலமைப்பைத் திருத்தவேண்டியதில்லை. ஜனாதிபதி செயலகத்தின் ஒரு சுற்றுநிருபம் போதும். அது வரும்வரை, 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இளம் செய்தியாளர் எவராவது அந்தச் செயலகத்துக்கு இந்த நான்கு கேள்விகளையும் அனுப்பிப்பார்க்கலாம். 1978இல் இருந்து ஒவ்வொரு ஜனாதிபதியின் காலத்துக்கும் தனித்தனியாகப் பதில் கேட்கவேண்டும் என்பது மாத்திரமே எனது வேண்டுகோள்.