காற்றாலைக்குக் காசு நேரத்தில் போகட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் எங்கள் வார்ப்பாலையில் கூலியைவிட மின்கட்டணம்தான் பெரிய செலவு. இதே திருவள்ளூர் மாவட்டத்தில் அந்த மின்சாரத்துக்கு வேறு விதமாக விலை கொடுப்பவர்களும் உண்டு. வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசும் மீனவர்கள் அவர்கள்.

அதனால்தான் தனியார் காற்றாலைகளும் சூரிய ஒளிப் பண்ணைகளும் பெருக வேண்டும் என்கிறேன். 2003 மின்சாரச் சட்டம் அதற்கு வழிவிட்டது. எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு காற்றாலையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது பயன்படுத்தினால், காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலின் காற்று இங்கே இரும்பை உருக்கும்.

ஆனால் மின்வாரியத்துக்கே விற்பவர்களின் கதை வேறு. பணம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றிருக்கிறது. வெயில் நன்றாக அடிக்கும்போதே உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் அப்படிக் குறைத்தது தவறு என்று 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே சொல்லி, இழப்பீடு தர உத்தரவிட்டது.

வாரியத்தின் சுமை எனக்குத் தெரியும். உழவர்களின் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் தருகிறது, தர வேண்டியதுதான். கமுதி சூரிய மின்சாரத்துக்கு யூனிட் 7.01 ரூபாய் என்று ஒப்பந்தம் போட்டது. அதே சூரிய மின்சாரம் 2017-லேயே ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய்க்கு ஏலம் போனது. ஆனால் பணம் தாமதமாகும் என்று தெரிந்தால் வங்கி வட்டியைக் கூட்டும். அந்த வட்டி யூனிட் விலையில் ஏறும். மின்கட்டணம் கட்ட எங்களுக்குக் கெடு தேதி இருக்கிறது. உற்பத்தியாளருக்குப் பணம் தர வாரியமும் ஒரு தேதியைக் கடைப்பிடித்து, நிலுவையை மாதந்தோறும் வெளியிட வேண்டும்.